கம்பவுண்டர் ஞானமுத்து கழுவிய சீசா

போன செவ்வாய்க்கிழமை நம் நெசவாளர் சங்க அலுவலகத்துக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எந்தக் காகிதமானாலும் முகத்துக்கு வலப்பக்கமாகப் பிடித்துத்தான் படிப்பேன். இடது கண் இல்லை. "அப்பா ஞாயிறு காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்று மாலையே அடக்கம் முடிந்துவிட்டது. இப்படிக்கு, தாமல் கம்பவுண்டர் மகள் எஸ்தர்." அடக்கம் முடிந்துவிட்டது என்று படித்ததும் எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது என்று இனி யோசிக்க வேண்டாம் அல்லவா? நிம்மதிப்பட்டதற்காக அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நூல் பட்டுவாடா செய்தேன். மூன்று பேருக்குத் தவறான நிறத்தைக் கொடுத்துவிட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞானமுத்துவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தெருக்கோடியில் இருந்த டாக்டரின் மருத்துவமனையில் இருபது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். தாமல்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். மகன் எட்டாவது வரை படித்து, மருந்து கலக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு இங்கே வந்தார். அவரைப் பற்றி நம் மாத இதழில் எழுதப்போகிறேன் என்றதும், அன்று என்னோடு சேர்ந்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர், "எழுதுபா, வேணான்னு சொல்லல. ஆனா எம் பேர அதுல போட்டுடாத" என்றார். போடவில்லை.

அந்தக் காலத்தில் மருந்துக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து சீசா கொண்டுபோக வேண்டும். ஞானமுத்து அதை வாங்கியதும் முதலில் மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். ஒரு தடவை இருமல் மருந்துக்காக, விளக்கெண்ணெய் இருந்த சீசாவை ஏதோ அலசி எடுத்துக்கொண்டு போனேன். "இன்னா வரதா, உனக்கு மூக்கு இருக்குதா இல்லியா?" என்று திருப்பி அனுப்பினார். சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு போனேன். மறுபடி அனுப்பினார். மூன்றாவது தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, தறி அரை நாள் நின்றுபோன கோபத்தோடு, "உங்களுக்கு இதே பொழப்பா போச்சு கம்பவுண்டர் சார்" என்றேன். "ஆமாம்பா, இதான் பொழப்பு. மருந்து பாதி, சீசா பாதி" என்று சொல்லி, வேளைக்கு எவ்வளவு என்று அளவு வெட்டிய காகிதப் பட்டையைச் சீசாவில் ஒட்டிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்காதவர்கள் நம் தெருவில் இருக்க முடியாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவரைப் பார்க்க வேண்டும். மருந்து கொடுக்கும் ஜன்னலைச் சாத்திவிட்டு, அலமாரியில் இருக்கும் சீசா, புட்டி, ஜாடி எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவுவார். நாம் தறியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் என்றால், அவருக்குக் கிணற்றடிதான் பண்டிகை. மறுநாள் டாக்டர் வீட்டம்மா அவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். பூஜை நேரத்தில் ஞானமுத்து வெளியே நின்றுகொள்வார். பொரி கடலை கொடுக்கும்போது மட்டும் உள்ளே வருவார்.

இனி என் கண்ணுக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு பெரிய மருந்துக் கம்பெனியின் ஆள் டாக்டரிடம் புதுச் சொட்டு மருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நாள் முழுக்க ஜரிகையைப் பார்த்து எரியும் கண்ணுக்கு அமிர்தம் என்றான். ஒரு பெட்டி சீசாக்கள். ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கு ஞானமுத்து கண்ணாடிக் குழாயால் சொட்டு விட்டார். எனக்கு இடது கண்தான் சிவந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு போதும். நாளைக்கு வா" என்றார். குளுகுளுவென்றுதான் இருந்தது. நாலாம் நாள் கண் வீங்கிச் சீழ் வைத்தது. அதே வாரம் அதே சீசாவிலிருந்து போட்டுக்கொண்ட வேறு நாலு பேருக்கும் அப்படியே. எங்களைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனவரும், ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் படுத்திருந்தவரும் ஞானமுத்துதான். மருந்தில் கிருமி இருந்திருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஐந்து பேருக்கும் ஒரு கண் போயிற்று.

ஒரு கண் போனால் பாதிப் பார்வை போகும் என்று நினைக்கிறார்கள். தறிக்காரனுக்கு முழுசும் போகும். அறுந்த இழையைப் பிடிக்கக் கை போனால் இழை அங்கே இருக்காது. அரை விரல் தள்ளி இருக்கும். முந்தானைக்குப் பேர் வாங்கியவன் நான். மூன்று மாதம் முயன்றுவிட்டுத் தறியை விட்டு இறங்கினேன்.

கம்பெனி மேல் வழக்குப் போடலாம் என்று சம்பந்தம் என்கிற வக்கீல் சொன்னபோது, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று கேட்டார் என் மாமனார். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். கண்ணைக் கெடுத்தது உங்கள் மருந்து என்று அவர்கள் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் கம்பெனி ஆள் வந்து, திறக்காத சீசாக்களை ஒன்று விடாமல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். குற்றம் இல்லாதவனுக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்று வக்கீல் கேட்டார். சாட்சிக்கு ஒரு சொட்டு கூட இல்லையே என்று நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஞானமுத்து வந்தார். "தெறந்த சீசா எங்கிட்ட இருக்குது. அடியில கொஞ்சம் மருந்தும் இருக்குது. அவன் கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன். கோர்ட்டுக்கு நானே வரேன்." வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

தசரா விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் சீசாவைத் தாக்கல் செய்து, பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி மனுப் போடுவது என்று முடிவாயிற்று. அதுவரை அவர் அலமாரியிலேயே இருக்கட்டும், அங்கேதான் வெயில் படாது என்றார் வக்கீல். தசராவுக்குள் ஆயுத பூஜை வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த ஆறு பேர், ஒரு வக்கீலையும் சேர்த்து. இதை நினைத்தால் இன்றும் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கோர்ட் திறந்த அன்று வக்கீல் வீட்டுக்கு ஞானமுத்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், சீசா பளபளவென்று இருந்தது. கழுத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"கழுவிட்டேன்பா" என்றார்.

"எப்பிடி சார்? தனியா வெச்சிருந்தீங்களே?" என்றேன்.

"எல்லாத்தையும் எறக்குனேன். கழுவிக்கினே வந்தேன். இதையும் கழுவிட்டேன். காயவெக்கும்போதுதான் பாத்தேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் வந்தது என்று கேட்காதீர்கள், தெரியாது.

அப்படியும் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஓடிப் போயிருக்கலாம், போகவில்லை. கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வந்த வக்கீல் கேட்டார்: "நீர் கிறிஸ்தவர்தானே? உமக்கு ஏது ஐயா ஆயுத பூஜை?"

"பூஜை அவங்களுதுங்க. சீசா என்னுதுங்க."

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஞானமுத்து சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி வந்தது: "ஐந்து பேருக்கும் ஒரே கண்ணாடிக் குழாயால் விட்டீர். கிருமி எங்கள் மருந்தில் இல்லாமல் உம்முடைய குழாயில் இருந்திருக்கலாம் அல்லவா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தினமும் கொதிக்க வைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வக்கீல் சம்பந்தம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஞானமுத்து நீதிபதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இருக்கலாங்க. எனக்குத் தெரியல" என்றார்.

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. கம்பெனி அதே மருந்தை வேறு பெயரில் விற்றதாகக் கேள்வி.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார்கள். மறு வருஷம் எஸ்தருக்குச் சென்னையில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்ததும் அது உறுதியாகிவிட்டது என்றார்கள். டாக்டர் போகச் சொல்லாமலே அவர் வேலையை விட்டுத் தாமலுக்குப் போய், அப்புறம் மருந்தையே தொடவில்லை என்பதைச் சொன்னால், "குத்தமுள்ள நெஞ்சு, அதான்" என்றார்கள். நானும் சில நாள் அப்படிச் சொல்லியிருக்கிறேன். சில நாள் அப்படிச் சொன்னவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததுண்டு.

போன வருஷம் என் வலது கண் சிவந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி வந்து மாடத்தில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வுட்டுக்கோங்க. இதுவும் போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள் என் மனைவி. அவள் கையால் விட வந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் மருந்தை மடியில் கட்டிக்கொண்டு தாமலுக்குப் பஸ் ஏறினேன். ஏன் அவரிடம்? வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு போனேன்.

சீசாவைப் பார்த்ததும் ஞானமுத்து கட்டிலிலிருந்து எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டார்.

"நான் மாட்டேன் வரதா. எங்கிட்ட கேக்காத."

"வேற யாருகிட்டயும் விட்டுக்க மாட்டேன் சார்."

கடைசியில் சுவரை விட்டு நகர்ந்து வந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த எஸ்தரைச் சொட்டு விடும் குழாயைக் கொதிக்க வைக்கச் சொன்னார். சொட்டை எடுத்து, நான் தடுப்பதற்குள் தன் கண்ணில் விட்டுக்கொண்டார். "இன்னிக்கு இங்கயே இரு. காலையில என் கண்ணு நல்லா இருந்தா உனக்கு வுடறேன்" என்றார். ஒரே ராத்திரியில் எது தெரியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டேவிட்டேன். "தெரிஞ்சுதான் கழுவுனீங்களா சார்?"

"நீ கேப்பன்னு இத்தினி வருஷமா உக்காந்துக்கினு இருக்குறேன்" என்றார். "அந்த சீசாவ அனுப்பி, தப்பு மருந்துல இல்ல, உன் குழாயிலதான்னு வந்துட்டா? அந்த பயம் இருந்துதுபா. தெனம் இருந்துது. ஆனா கெணத்தடியில அது ஞாபகமே இல்ல, கை பாட்டுக்குக் கழுவிக்கினு போச்சு. பயம் கழுவுச்சா, பழக்கம் கழுவுச்சா, எனக்கே தெரியல. தெரிஞ்சா உங்கிட்ட வந்து சொல்லியிருப்பேன்."

நான் கோபப்பட வேண்டிய இடம் அதுதான். கோபம் வரவில்லை. எஸ்தர் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து ஏரிக்கரைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, "இந்தக் கண்ணாலயே எண்ணிட்டேன். அக்கரையில பனமரம் பதினேழு. நேத்தும் பதினேழு" என்றார். குழாயை மறுபடி கொதிக்க வைத்து, கையை மூன்று தடவை கழுவிக்கொண்டு வந்தார். என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி, என் கீழ் இமையை இழுத்தார்.

அவர் எங்களுக்குத் துரோகம் செய்தவரா, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே சாட்சியா என்று இன்றும் என்னால் முடிவு கட்ட முடியவில்லை. மன்னித்துவிட்டேனா என்பதும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் காலை நேரம்தான். இருந்த ஒரே கண்ணை அவரிடம் நிமிர்த்திக் காட்டினேன். அது பிழைத்தது. அதைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன்.