பீரோவைப் பார்க்கும் பாடவேளை

மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை நூலகம். அந்தப் பாடவேளையில் நாங்கள் ஒரு பீரோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் எங்கள் பாடம்.

ராயபுரத்தில், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் இருந்த சின்ன ஆரம்பப் பள்ளி அது. இரும்புச் சாமான் மொத்த வியாபாரி ஒருவர் தன்னுடைய காலஞ்சென்ற தகப்பனார் நினைவாக ஒரு பீரோ நிறையப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்திருந்தார். பீரோவுக்குக் கண்ணாடிக் கதவு. கதவில் பூட்டு. பூட்டின் சாவி தலைமையாசிரியரின் ஜிப்பாப் பையில். பீரோவுக்கு மேலே மாலை போட்ட தகப்பனார் படம்.

பொழுது போக வேண்டுமே என்று டீச்சர் எங்களுக்குச் சில வேலைகள் வைத்திருந்தார். ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைப்பது ஒரு வேலை. புத்தகங்களின் முதுகில் தெரிகிற தலைப்புகளைச் சிலேட்டில் எழுதுவது இன்னொன்று. தலைப்பை வைத்து உள்ளே என்ன கதை இருக்கும் என்று ஊகித்துச் சொல்வதும் உண்டு. அதில் நான் கெட்டிக்காரி. இல்லாத கதைகளைச் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன். டீச்சர் நல்லவர்தான். ஆனால் தலைமையாசிரியரிடம் சாவி கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாற்பது பிள்ளைகளை ஒரு கண்ணாடிக்கு முன்னால் கைகட்டி உட்காரவைத்து, அதற்கு நூலகம் என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது?

பீரோவில் ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் அட்டை தெரியும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அட்டையில் ஒரு கப்பல். கப்பலில் சாய்த்து வைத்த பலகை மேல் ஒரு ஒட்டகம் ஏறிக்கொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து கப்பல் பார்க்கிறேன். நிலக்கரி இறங்கிப் பார்த்திருக்கிறேன், கோதுமை மூட்டை இறங்கிப் பார்த்திருக்கிறேன். ஒட்டகம் ஏன் கப்பல் ஏறுகிறது, ஏறி எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு குத்தகைக் கம்பெனியில் அவருக்கு வேலை. அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போவாள். நைனாவுக்கு எழுத்துக் கூட்ட வரும், படிக்க வராது. அம்மாவுக்கு அதுவும் வராது. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் நைனா என்னைக் கேட்பார்.

"இன்னிக்கு இன்னா பட்ச்ச?"

"ஒட்டகம்."

"ஒட்டகம் இன்னா பண்ச்சாம்?"

"தெரியாது."

ஒவ்வொரு வாரமும் இதே பேச்சு. நான் மக்கு என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஒருநாள் நான் அழுதுகொண்டே பூட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கைக் கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்த மாதமே பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பீரோ கொடுத்த வியாபாரி மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் வெகுநேரம் பேசினார். பிள்ளைகள் நல்ல நூல்களைப் படிக்க வேண்டும், அந்தப் பழக்கம் வீட்டில்தான் தொடங்குகிறது, பெற்றோர் பிள்ளைகளுடன் உட்கார்ந்து வாசிப்பைக் கேட்க வேண்டும், இந்தப் பகுதியில் பெற்றோருக்கு அந்த அக்கறை இல்லை என்றார்.

கூட்டத்தின் கடைசியில் நைனா எழுந்து நின்றார்.

"பொஸ்தகம் பீரோல கீது, சாவி உங்க ஜோபில கீது. நாங்க வூட்ல இன்னாத்த வச்சிகினு கேக்கறது சார்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். தலைமையாசிரியருக்குக் காது சிவந்துவிட்டது. வியாபாரி அவர் பக்கம் திரும்பி, "ஏன் சார், கொடுக்கறதில்லையா?" என்று கேட்டார். அதன் பிறகு தலைமையாசிரியருக்கு வேறு வழியில்லை. கூட்டம் கலைந்ததும் பீரோவைத் திறந்து, எந்தப் புத்தகம் என்று என்னைக் கேட்டார். நான் ஒட்டகத்தைக் காட்டினேன்.

புத்தகத்தை அவர் என்னிடம் கொடுக்கவில்லை. நைனாவிடம் நீட்டினார். ஆனால் கையை விடவில்லை.

"ஒரு வாரம். ஒரு கறை, ஒரு மடிப்பு இருந்தாலும் நீதான் பொறுப்பு. புரியுதா?"

நைனாவுக்கு அவரைவிட வயது கூட. ஆனாலும் "நீ" என்றுதான் சொன்னார். நைனா இரண்டு கைகளாலும் புத்தகத்தை வாங்கித் தோள் துண்டில் சுற்றினார். வழியெல்லாம் நான் கேட்டுக்கொண்டே வந்தேன், அவர் தரவில்லை. வீட்டுக்குப் போய்த் தருவார் என்று நினைத்தேன்.

வீட்டில் எங்கள் நல்ல துணிகள் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்தார். அம்மாவின் கல்யாணப் புடவைக்கும், மாதா கோவிலில் புதுநன்மை வாங்கியபோது நான் போட்ட கவுனுக்கும் நடுவில் புத்தகத்தை வைத்தார். பூட்டினார். சாவியைக் கழுத்தில் கிடந்த, மாதா படம் வைத்த உத்தரியக் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

"நைனா, நான் படிக்கணும்."

"வேணாம் கண்ணு. எதுனா ஆய்ட்ச்சுன்னா அந்தாளுக்கு யாரு பதில் சொல்றது? கவலப்படாத, பத்திரமா கீது."

நான் தரையில் புரண்டு கத்தினேன். அம்மா இறால் வாடை போகாத கையால் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளே நைனாவிடம் சண்டைக்குப் போனாள். "அந்தப் புள்ளைக்குத்தான வாங்கியாந்த? பொட்டிக்கா வாங்கியாந்த?" என்று கேட்டாள். அவர் கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பள்ளியில் கண்ணாடி வழியாகவாவது ஒட்டகத்தைப் பார்க்க முடிந்தது. எங்கள் வீட்டில் அதற்கும் வழியில்லை. அன்றிலிருந்து நான் நைனாவோடு பேசவில்லை. அவர் வாங்கி வந்த பொரியுருண்டையைக்கூடத் தொடவில்லை. தம்பி இரண்டையும் தின்றான்.

அந்த வாரத்தின் நடுவில் கடல் உள்ளே வந்தது. அந்த வருஷங்களில் கடல் எங்கள் தெருவை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. கரையோர வீடுகள் சில ஏற்கெனவே போய்விட்டிருந்தன. அன்று நான் பள்ளி விட்டு வந்த நேரத்தில் அலை தெருவைத் தாண்டி எங்கள் வாசல்படியில் ஏறியது. அடுப்பு அணைந்தது, பாய் மிதந்தது. இரவு வேலைக்குப் போவதற்காகத் தூங்கிக்கொண்டிருந்த நைனா துள்ளி எழுந்தார். எழுந்தவர் முதலில் தகரப் பெட்டியைத்தான் தூக்கினார். தலையில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஓடாத குறையாக நடந்து மாதா கோவில் படிக்கட்டுக்குப் போய்விட்டார். தம்பியை இடுப்பிலும் அரிசிப் பானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் கத்திக்கொண்டே வந்தாள்.

"யோவ், பெத்த புள்ளைங்கள வுட்டுட்டுப் பொட்டியத் தூக்கினு ஓட்றியே, நீ மன்ஷனா?"

கோவில் படியில் தெருவே திரண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அம்மா அவரைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. இன்னும் நாலு வார்த்தை திட்டட்டும் என்று நினைத்தேன். அவர் பெட்டியின் அடியைத் தடவித் தடவி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். நூலகப் பாடவேளை. நாற்பது பேரும் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பக்கங்களை விரலால் ஓடவிட்டார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து வந்த புத்தகத்தில் என்ன வாடை அடிக்கும் என்று அவர் எதிர்பார்த்தாரோ அது இல்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"பிள்ளைகளே, பாருங்கள். கடல் வந்த வாரத்திலும் ஒரு பக்கம்கூடப் புரட்டாத மாதிரி வைத்திருக்கிறார். நூலை இப்படித்தான் போற்ற வேண்டும். எல்லோரும் கைதட்டுங்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். நைனா சிரித்தார். அவர் முகத்தில் அத்தனை பெருமையை நான் பார்த்ததில்லை. தலைமையாசிரியர் ஒட்டகத்தைப் பழைய இடத்திலேயே நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது.

"நான் படிக்கவே இல்ல! ஒரு எழுத்துகூடப் படிக்கல! நைனா பூட்டி வச்சிட்டாரு! நீங்களும் பூட்டிட்டீங்க!"

டீச்சர் என் வாயைப் பொத்த வந்தார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன். தலைமையாசிரியர் மட்டும் சிரித்தார்.

"எங்கே போகும்? மீன் மார்க்கெட் சத்தம்" என்றார்.

நைனாவின் முகம் மாறியது. என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். தண்டவாளம் வரைக்கும் நான் அவர் கையை உதறிக்கொண்டே வந்தேன். ரயில் கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது, ஒரு வாரத்துக்குப் பிறகு அவரிடம் பேசினேன்.

"உனுக்கும் அந்தாளுக்கும் இன்னா நைனா வித்தியாசம்?"

அடிப்பார் என்று நினைத்தேன். சரக்கு ரயில் முழுக்கப் போய்விட்டது. கேட் திறந்த பிறகும் அங்கேயே நின்றார். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் திட்டிய பிறகுதான் நகர்ந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை இல்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை கோதுமைத் தூசி, தோளில் மூட்டை இழுக்கும் கொக்கி. அப்படியே கூடத்துக்குள் வந்து நின்றார். உள்ளே வரக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்வதற்குள் இவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், பொஸ்தகம் பள்ளிக்கூடத்த வுட்டு வெளிய போவாது. வராண்டால குந்திகினு என் பொண்ணு படிக்கும். நான் கூட குந்திகினு கேப்பேன். தொறங்க."

"அதெல்லாம் பழக்கமில்லை. நீ முதலில் வெளியே போ."

"பெத்தவங்க கூட குந்தி கேக்கணும்னு மைக்கில சொன்னது நீங்கதான? சம்பளத்த வுட்டுட்டு வந்து கீறேன். தொறங்க சார்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தோளிலிருந்து கொக்கியை இறக்கிப் பீரோவுக்கு அருகே தரையில் வைத்தார். பயமுறுத்தத்தான் வைத்தாரா, தோளில் உறுத்தியதால் வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலைமையாசிரியர் கொக்கியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முதன்முறையாக வாயைத் திறந்து, "நான் பார்த்துக்கறேன் சார்" என்றார். சாவி வெளியே வந்தது.

வராண்டாவில் நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழாயடியில் இரண்டு முறை கை கழுவியிருந்தார். மடியில் துண்டை விரித்து, அதன் மேல் புத்தகத்தைத் திறந்து, இரண்டு ஓரங்களையும் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டார். நான் கையை நீட்டினேன், முழங்கையால் தடுத்தார்.

"நான் புட்ச்சிக்கிறேன். நீ வாசி."

வாசித்தேன். ஒட்டகம் ஒரு ராஜாவுக்குப் பரிசாகப் போகிறதாம். கப்பல் ஆடியதும் அதற்குத் தலை சுற்றியதாம். நைனாவுக்கு அந்தப் படத்தின் மேலேயே கோபம். "பலகை மேல எங்க ஏறும் அது? பொய்யி. வயித்துல வாரு போட்டுக் கிரேன்ல தூக்கணும்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் என் வகுப்பில் பாதிப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்கடுத்த வாரங்களில் அம்மாவின் கொட்டகையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மீன்பெட்டி வண்டி இழுக்கும் ஒருவர் வந்தார். பெற்றோரில் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு புத்தகம் வெளியே வரும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. எங்கள் பள்ளியில் நூலகம் என்று ஒன்று உண்மையில் தொடங்கியது அப்படித்தான். தலைமையாசிரியர் அந்த வருஷம் முடியும் வரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். கெட்டுப்போனால் வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அவர் புத்தகத்தை முகர்ந்து பார்த்ததை நான் மன்னிப்பதாக இல்லை.

எனக்கு அப்போது இருந்த கோபமெல்லாம் நைனா மேல்தான். எத்தனை வெள்ளிக்கிழமை போனாலும் அவர் புத்தகத்தை என் கையில் தரவில்லை. அவரேதான் பிடிப்பார், அவரேதான் பக்கம் திருப்புவார், அதுவும் அத்தனை மெதுவாக. மற்ற பிள்ளைகளெல்லாம் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு படித்தார்கள்.

நைனா காலமான பிறகு அம்மா ஒருநாள் சொன்னாள். நான் பள்ளியில் சேர்ந்த வருஷம் கப்பலில் ஒரு மரப்பெட்டி ஆணி பெயர்ந்து வந்ததாம். இறக்கியவர் நைனா. நீதான் பிரித்தாய் என்று கம்பெனி ஆட்கள் துறைமுகக் கேட்டருகே அவரை நிறுத்தி, எல்லோரும் பார்க்க வேட்டியை அவிழ்த்துச் சோதித்தார்களாம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் சில வாரங்கள் வேலை தரவில்லை. அந்த வாரங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நைனா பகலில் வீட்டில் இருந்தார், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலையில் நடந்தார். ஏதோ லீவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வராண்டாவில் புத்தகத்தைப் பிடித்திருந்தபோது அந்தக் கைகள் லேசாக நடுங்கும். எழுத்தும் கூடவே ஆடும். ஒட்டகத்துக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், "ஆட்டாத நைனா, சீக்கிரம் திருப்பு" என்று நான் அவரிடம் கத்திக்கொண்டிருந்தேன்.