தணலுக்கு வந்த மாமியார் குரல்

ராஜகீழ்ப்பாக்கம் காய்கறிக் கடையில் ஷபீனா வாயைத் திறந்து "தக்காளி அரைக் கிலோ போடுங்க" என்று சொன்னால் போதும், பக்கத்தில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது சட்டென்று திரும்புவார்கள். முகத்தை வைத்து யாருக்கும் அவளைத் தெரியாது. குரலை வைத்துத் தெரியாதவர்கள் குறைவு. ஒருநாள் பாலாம்பாள் என்ற பெரியம்மா பையைக் கீழே வைத்துவிட்டு நேருக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நீதானே அந்த மங்களாதேவி? அந்த மருமவப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சு? பால்ல வெசத்த கலந்து குடுக்குறியே, நல்லாவா கீது?"

"நான் கலக்கலம்மா. கலந்தது இந்திக்காரம்மா. நான் தமிழ்ல பேசினதோட சரி."

"இன்னாவா இருந்தாலும் நீ அப்டி பேசியிருக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார் பாலாம்பாள்.

இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்டு மத்தியானம் ஓடும் தொடர் அது. அதில் வரும் கொடுமைக்கார மாமியார் மங்களாதேவிக்குப் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வந்தவள் ஷபீனா. திட்டு விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும். வேலை சரியாக நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு ஜவுளிக்கடை மைக் வழியாக. கல்யாணமான புதிதில் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடையில் அறிவிப்பாளராக இருந்தாள். தீபாவளிக் கூட்டத்தில் "சிவப்பு கவுன் போட்ட குழந்தை பில் போடும் இடத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் உடனே வரவும்" என்று அவள் சொன்னால், குழந்தையே இல்லாதவர்கள்கூட ஒரு கணம் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு அதட்டல். மனைவியோடு புடவை எடுக்க வந்திருந்த சூர்யநாராயணன் அந்த அதட்டலைக் கேட்டார். கோடம்பாக்கம் பக்கம் டப்பிங் ஸ்டூடியோ ஒன்றில் பொறுப்பாளர் அவர். எந்தப் பாத்திரத்துக்கு யார் பேசுவது என்பதை முடிவு செய்வது அவர்தான். மைக் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார்.

ஷபீனாவின் கணவர் மொஹ்சின் சேலையூரில் அலுமினிய ஜன்னல், கதவு செய்து பொருத்தும் கடை வைத்திருக்கிறார். அவள் டப்பிங் பேசப் போவதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "எங்க வீட்ல சண்டைன்னு வந்தா நான் ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. அந்தக் குரலுக்குச் சம்பளம் குடுக்க ஆளிருக்குன்னா குடுக்கட்டுமே."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் தணல் வந்தாள்.

தணல் என்பது ஒரு வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படத்தின் நாயகிக்குத் தமிழில் வைத்த பெயர். உள்ளங்கையில் நெருப்பு எழும்பும், கோபம் வந்தால் பறப்பாள். முதல் இரண்டு பாகங்களிலும் அவள் கல்லூரிப் பெண். ரேஷ்மா என்ற இளம் கலைஞர் துள்ளலாக, பாதிச் சிரிப்பும் பாதிப் பேச்சுமாகக் குரல் கொடுத்திருந்தார். தமிழ்ப் பதிப்புக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்றாம் பாகம் வருவதற்குள் ரேஷ்மா கல்யாணமாகி வெளிநாட்டில் குடியேறிவிட்டார். கதையிலும் தணல் செய்யாத குற்றத்துக்குப் பத்து வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறாள். தலையில் நரை, நெற்றியில் தழும்பு.

"ரேஷ்மா மாதிரி பேச ஆள் தேடினா நூறு பேர் கிடைப்பாங்க" என்றார் சூர்யநாராயணன் போனில். "எனக்கு அது வேணாம். ஜெயில்ல இருந்து வர்றவ கொலுசு மாதிரியா பேசுவா? நீங்க வாங்க."

"சார், ஜனங்க எதிர்பார்க்கறது வேற மாதிரி இருக்குமே?"

"எதிர்பார்க்கட்டும். உங்களால முடியுமா முடியாதா?"

"முடியும் சார்."

அந்தப் பதிலைச் சொல்ல அவள் யோசிக்கவே இல்லை. ஸ்டூடியோவுக்குப் போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஐசக் உட்கார்ந்திருந்தார். திரையில் தணலின் உதடு அசைய அசைய, மங்களாதேவியின் குத்தலையும் நெளிவையும் கழற்றிவைத்துவிட்டு, கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசினாள். சிறைக் கதவு திறக்கும் காட்சியில் தணல் ஒரே ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சைக் கேட்ட ஐசக், "அக்கா, ஓகே. இதுக்கு மேல இன்னொண்ணு எடுத்தா கெட்டுடும்" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் ஷபீனாவுக்கு இடம்கூடக் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே சிரித்த முகமாக வந்தாள்.

படம் வெளியானதும் குடும்பத்தோடு தாம்பரத்தில் தியேட்டருக்குப் போனாள். மொஹ்சின், பொத்தேரியில் கல்லூரி படிக்கும் மகள் சாஹிரா, அவள். தணல் சிறையிலிருந்து வெளியே வந்து முதல் வார்த்தை பேசியதுமே முன் வரிசைகளில் ஒரு சலசலப்பு. "டேய், இது எங்கம்மா பாக்குற சீரியல்டா!" என்றது ஒரு குரல். ஷபீனா கண்டுகொள்ளவில்லை. இடைவேளைக்கு முந்தைய காட்சி வந்தது. எரியும் ஊரைக் காப்பாற்றிவிட்டு, மாடியில் நின்று தணல் மக்களிடம் சொல்கிறாள்:

"நான் வந்துட்டேன். இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம்."

உடனே யாரோ, "ஐயோ, பாலைக் குடிச்சிடாதீங்க!" என்று கத்த, கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. மங்களாதேவி மருமகளிடம் விஷம் கலந்த பாலை நீட்டும்போது கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தாள். அந்தக் காட்சித் துண்டைப் பார்க்காத போன் தமிழ்நாட்டில் கிடையாது.

சாஹிரா இருக்கையில் இன்னும் கீழே சறுக்கிக்கொண்டாள். மொஹ்சின் மனைவியின் கையைப் பிடித்தார். ஷபீனாவின் காது மடல் சுட்டது. அடுத்த நிமிடமே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாம் பாதியில் தணல் தன்னைக் காட்டிக்கொடுத்த தோழியிடம் பேசும் நீண்ட காட்சியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிப்ஸ் பொட்டலம் பிரிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதையும் அவள் கவனித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். தணலின் முகத்தில் மங்களாதேவியின் பொட்டை ஒட்டி, கையில் பால் டம்ளர் கொடுத்துப் படங்கள் பறந்தன. ரேஷ்மாவின் குரலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கூட்டம் கையெழுத்து சேகரித்தது. இந்தக் குரல்தான் தணலுக்கு முதுகெலும்பு என்று இன்னொரு கூட்டம் எகிறியது. சாஹிராவின் வகுப்புத் தோழி மிருதுளாதான் முதல் கூட்டத்துக்கு வக்கீல். அவளுக்கு அது சாஹிராவின் அம்மா குரல் என்று தெரியாது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த சாஹிரா மூன்றாம் நாள் கேன்டீனில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"மிரு, அது எங்கம்மா. நீ சொல்றதை அவங்க முன்னாடியே சொல்லு."

மிருதுளாவும் சளைத்தவள் இல்லை. "ஞாயித்துக்கிழமை பெருங்களத்தூர்ல எங்க அப்பார்ட்மென்ட் பார்ட்டி ஹால்ல ஃபேன்ஸ் மீட் வெச்சிருக்கோம். ஆன்ட்டியைக் கூட்டிட்டு வா. நான் சொல்றேன்."

சாஹிரா வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். மொஹ்சின், "எதுக்கு ஷபீ? சின்னப் பசங்க, வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க" என்றார்.

"பேசட்டுங்க. நானும் வாயை வெச்சுத்தானே பொழைக்கிறேன்" என்றாள் ஷபீனா.

ஹாலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். நெருப்புச் சின்னம் போட்ட டி-ஷர்ட்டில் வந்திருந்த ஞானஜோதிதான் அவர்களில் மூத்தவன். மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. ஷபீனா உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "அக்கா, நான் உங்க கட்சி" என்றான். மிருதுளா நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு தன் கட்சி வாதத்தைத் தொடங்கினாள்.

"ஆன்ட்டி, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. நான் எட்டாவது படிக்கும்போது முதல் பாகம் பார்த்தேன். டியூஷன் முடிஞ்சு தனியா வரும்போது தணல் பக்கத்துல வர்ற மாதிரி நெனைச்சுப்பேன். அந்தக் குரல் கேட்டா பயம் போயிடும். இப்ப நீங்க பேசறதைக் கேட்டா கதவைப் பூட்டிக்கணும்னு தோணுது. அதான் என் பிரச்சனை."

"பத்து வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வந்தவ மிரு!" என்று ஞானஜோதி குறுக்கிட்டான். "நீ எட்டாவதுல நின்னுட்ட. அவ நிக்கல."

"நீங்க எதை வேணா ரசிப்பீங்க அண்ணா. டைட்டில் கார்டுக்கே அழற ஆளு நீங்க."

ஹால் இரண்டு பக்கமும் கத்த ஆரம்பித்தது. ஷபீனா கையை உயர்த்தினாள். "கொஞ்சம் அமைதியா இருங்க" என்று மட்டும் சொன்னாள். ஜவுளிக்கடையில் கேட்ட அதே அதட்டல். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"மத்தியானம் உங்க வீட்ல அந்த சீரியல் ஓடினதுக்கு நான் பொறுப்பு இல்ல" என்றாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. "ரேஷ்மா மாதிரி நான் பேச மாட்டேன். பேசவும் வராது, பேசறதும் தப்பு. தோழிகிட்ட பேசற காட்சியில யாராவது சிரிச்சீங்களா?"

யாரும் கை தூக்கவில்லை. மிருதுளாவும் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அங்க நான் அழுதுட்டேன் ஆன்ட்டி."

"அப்போ குரல்ல கோளாறு இல்ல. அந்தத் தூங்கற வரிலதான் கோளாறு. அந்த வார்த்தை என் வாய்ல வந்தா பால் டம்ளரும் கூடவே வருது. வேற வரி வேணும். யார்கிட்ட அந்தக் காட்சி இருக்கு?"

முன்னோட்டத்தில் அந்தக் காட்சி இருந்தது. ஞானஜோதி அதைத் தொலைக்காட்சித் திரையில் ஓடவிட்டு ஒலியை நிறுத்தினான். ஷபீனா எழுந்து போய்த் திரையருகே நின்றாள். "கடைசில உதடு மூடுது பாருங்க. முடியற வார்த்தை 'ம்'ல முடியணும். நீளம் இவ்வளவுதான். சொல்லுங்க, பார்க்கலாம்."

அதுவரை அடித்துக்கொண்டவர்கள் ஆளுக்கொரு வரியாகக் கத்தினார்கள். "இனி எல்லாம் ஜெயம்" என்றது ஒரு குரல். கட்சிக்கூட்டம் மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் விரட்டினார்கள். "பயம் வேண்டாம்" உதட்டுக்குப் பொருந்தியது, ஆனால் பாதியிலேயே தீர்ந்துபோனது. ஒவ்வொன்றையும் ஷபீனா பேசிக் காட்டினாள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே தள்ளினார்கள். சமோசா வந்து ஆறிப்போனது. சாஹிரா சுவரில் சாய்ந்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று சொன்னாள்:

"அம்மா, மிரு சொன்னாளே, கதவைப் பூட்டணும்னு தோணுதுன்னு. அதையே திருப்பிப் போட்டா?"

ஷபீனா திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "நான் வந்துட்டேன். இனிமே கதவைத் திறந்தே வைக்கலாம்."

கடைசி 'ம்' உதட்டின் மேல் சரியாக உட்கார்ந்தது. யாரும் கைதட்டவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் மிருதுளா. ஷபீனா சொன்னாள். மிருதுளா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரேஷ்மா இன்னும் நல்லா சொல்லியிருப்பாங்க. ஆனா இது ஓகே" என்றாள். ஷபீனா வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாளே சூர்யநாராயணனைப் பார்க்கப் போனாள். "படம் ஓடிட்டிருக்கும்மா, இப்ப வந்து வரியை மாத்தணும்னா?" என்று அவர் தலையில் கைவைத்தார்.

"தியேட்டர்ல மாத்த வேணாம் சார். வீட்ல பாக்கறதுக்கு வரும்போது தனியா ஒலி சேர்ப்பீங்கல்ல, அதுல மாத்துங்க. ஒரே ஒரு வரி. எனக்குத் தனியா எதுவும் தர வேணாம். ஐசக் தம்பி பத்து நிமிஷம் உக்காந்தா போதும்."

படக்கம்பெனியைச் சம்மதிக்க வைக்க அவர் இரண்டு வாரம் அலைந்தார். வரி மாறியது.

படம் வீட்டுத் திரைகளுக்கு வந்த நாளில் ஷபீனாவின் போனுக்கு முதலில் வந்தது ஞானஜோதியின் அழைப்பு. குரலில் அழாத குறை. "அக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? 'நிம்மதியா தூங்கலாம்'தான் எங்க வரி. அதுக்காகவே அஞ்சு தடவை தியேட்டருக்குப் போனேன். டி-ஷர்ட்டே அடிச்சிட்டோம்!"

"அன்னைக்கு ஹால்ல நீதானேப்பா டிவி போட்டுக் குடுத்த?"

"அது அன்னைக்கு. அப்புறம் பிடிச்சுப் போச்சுக்கா."

புதிய வரியை ஆதரித்தும் எதிர்த்தும் மறுபடி சண்டை. முன்பு திட்டியவர்களில் பாதிப் பேர் இப்போது பழைய வரிக்குக் கொடி பிடித்தார்கள். மிருதுளாவோ புது வரிக்காகத் தன் கூட்டத்தோடேயே மல்லுக்கு நின்றாள். சாஹிரா ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட, ஷபீனா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையாம்மா? என்ன செஞ்சாலும் திட்டறாங்க."

"திட்டறவங்க எல்லாரும் படத்தை முழுசா பார்த்திருக்காங்கல்ல?" என்றாள் ஷபீனா. "ஒரு வரிக்காக இத்தனை பேர் சோறு தண்ணி இல்லாம சண்டை போடறாங்க. எனக்கு என்ன வருத்தம்?"

நான்காம் பாகத்துக்கு சூர்யநாராயணன் போனில் கூப்பிட்டபோது அவள் மூன்று விஷயங்கள் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்: சம்பளம், நேரம், வண்டி. அவள் கேட்டது வேறு.

"வசனம் எழுதறவர் எழுதும்போதே நானும் பக்கத்துல உக்காருவேன் சார். என் வாய்ல எது எப்படி விழும்னு எனக்குத்தான் தெரியும்."

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் அவர். "இப்ப நான் கேக்கறேன் சார்" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்சம் இருமல், கொஞ்சம் யோசனை, பிறகு சம்மதம். அடுத்த திங்கட்கிழமை, வசனகர்த்தாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தின் முதல் வரியையே மாற்றச் சொல்லி அவருடன் வாதம் செய்துகொண்டிருந்தாள் ஷபீனா.