மூஞ்சிப் பெட்டி

மகள் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய விஆர் ஹெட்செட்டுக்கு எங்கள் வீட்டில் மூஞ்சிப் பெட்டி என்று பெயர். அதை முகத்தில் கட்டிக்கொண்டால் ராஜபாளையத்து வீடு மறைந்து வேறொரு இடம் கண்ணுக்கு முன்னால் வரும். கையில் இருக்கும் கைப்பிடியை அசைத்தால் அந்த இடத்திலும் ஒரு கை அசையும். முப்பத்திரண்டு வருடம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். எந்த மெஷினைப் பார்த்தாலும் எங்கே பழுதாகும் என்றுதான் முதலில் தேடுவேன். இதிலும் தேடினேன். பழுது மெஷினில் இல்லை என்று தெரிய எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

அது வந்தபோது என் மனைவி பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குழறிய பேச்சு தெளிந்துவிட்டது. வலது கால் பாதி திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய் வருவாள். வலது கைதான் வரவில்லை. மடியில் ஒரு தலையணை, தலையணை மேல் அந்தக் கை. எழுந்திருக்கும்போது இடது கையால் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள்.

இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கையால் சாப்பிட மாட்டாள். ஸ்பூன் வாங்கிவந்து கொடுத்தேன். ஸ்பூனைப் பிடிப்பதும் அந்தக் கைதானே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட இடது கையால் நீட்டியதில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவள். முதல் பாடம் சிலுவை போடுவது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். எந்தப் பிள்ளையாவது இடது கையைத் தூக்கினால் பக்கத்தில் போய் அந்தக் கையை இறக்கி, வலது கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். எத்தனை நூறு கையைத் தூக்கிவிட்டாளோ தெரியாது. இப்போது பூசையில் எல்லோரும் சிலுவை போடும்போது இவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். முடியாதவர்கள் இடது கையால் போட்டாலும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். மரியாதைக்குத் தலையாட்டினாள், போடவில்லை.

ஆக, மூன்று வேளையும் நான்தான் ஊட்ட வேண்டும். ஊட்டுவது என்பது படத்தில் காட்டுகிற மாதிரி இருக்காது. ஒரு வாய் வைத்துவிட்டு, அவள் மென்று விழுங்கும்வரை அடுத்த வாயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். என் தட்டு ஆறிப்போய்க் கிடக்கும். முதல் மாதம் பிரியத்தோடு செய்தேன். பிறகு கடமைக்குச் செய்தேன். வருடம் திரும்பியபோது சலித்துப்போயிருந்தேன். அவள் ‘மெதுவா’ என்று சொல்கிற அளவுக்கு அவசர அவசரமாக உருட்டி வைத்திருக்கிறேன்.

வாரம் இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகவேண்டும். அங்கே ஒரு பிசியோதெரபி அம்மா, சின்னப் பெண்தான், கை வைத்தால் பக்குவம் தெரியும். பஞ்சு மார்க்கெட்டில் பஸ் பிடித்து, கண்டக்டரிடம் செத்த நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சி, இவளை ஏற்றி, தேரடியில் இறக்கி, அங்கிருந்து ஆட்டோ. போய்வந்தால் ஒரு நாள் போச்சு. இதை ஒருமுறை போனில் மகளிடம் சலிப்போடு சொன்னேன். அப்போதுதான் அவள் இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினாள். அங்கெல்லாம் வாதம் வந்தவர்கள் வீட்டிலேயே இதைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்கிறார்களாம், அலுப்பே தெரியாதாம்.

அலுப்பு எனக்குத் தெரிந்தது. திறந்ததும் வைஃபை கேட்டது. பிறகு போனில் ஒரு கணக்கு தொடங்கச் சொன்னது. பிறகு ‘அப்டேட்’ என்று முக்கால் மணி நேரம் ஒரு வட்டம் சுற்றியது. ஜன்னல் வெயில் கண்ணாடியில் படக்கூடாது, ஜன்னலைச் சாத்தினால் இருட்டில் கை தெரியவில்லை என்று சொல்லும். மனைவியின் கொண்டை பட்டைக்கு இடைஞ்சல். கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட வேண்டியிருந்தது, அதையும் நான்தான் போட்டேன். தேங்காய் எண்ணெய் முன்பக்கத்து ஸ்பாஞ்சில் இறங்கி ஒரே வாரத்தில் வாடை வந்துவிட்டது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அதைப் பத்து நிமிடம் கட்டியிருந்தால் முகம் வெந்துபோகும். சோதித்துப் பார்க்க முதலில் நான் கட்டிக்கொண்டேன். ஏதோ மலையுச்சியில் கொண்டுபோய் நிறுத்தியது. தலை சுற்றி, அன்று காலை தின்ற இட்லி அப்படியே வெளியே வந்துவிட்டது.

அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. மகள் போட்டுவைத்திருந்த விளையாட்டில் ஒரு தோட்டம், தோட்டத்தில் நிறம்நிறமாகப் பந்துகள் மெதுவாக மிதந்து வரும். வலது கையால் பிடிக்க வேண்டும், பிடித்தால் மார்க். ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் ஆங்கிலத்தில் பாராட்டும். இவள் அதற்கு “சரிம்மா” என்று பதில் சொல்வாள். முதல் நாள் கட்டிவிட்டதும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. யானை விலை சொன்னாலும் தகும் என்று அன்றைக்குத் தோன்றியது.

வலது கைப்பிடியை அவள் வலது கையில் வைத்து வெல்க்ரோ பட்டையால் சுற்றிக் கட்டினேன். தோளிலிருந்து கொஞ்சமாவது கையை நகர்த்த முயற்சி செய்ய வேண்டும், அதுதான் பயிற்சி. முதல் சில நாட்கள் பக்கத்திலேயே இருந்தேன். கை ஒரு அங்குலம் நகரும், விழும். பந்துகள் எல்லாம் தப்பிப்போகும். பூஜ்யம், பூஜ்யம், மூன்று. அந்த வாரக் கடைசியில் அவளே, “நீங்க எதுக்கு இங்க காவலுக்கு ஒக்காந்திருக்கீய, போய்ட்டு வாங்க” என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. தெருமுனை டீக்கடையில் அரைமணி நேரம். பேப்பர் முழுவதையும் படித்தேன், ஒன்றுமே படிக்காமலும் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்காத அரைமணி நேரம் அது. நான் திரும்பும்போது பெட்டியைக் கழற்றிக் கட்டிலில் வைத்திருப்பாள்.

அடுத்த வாரம் முதல் மார்க் ஏறத் தொடங்கியது. இருபது, நாற்பது, அறுபத்தைந்து. மகளின் போனிலும் அது தெரியும். அங்கிருந்து போன் போட்டு அழுதாள். அம்மா கை வந்துவிடும் அப்பா என்றாள். அப்படியென்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாரம் இருமுறை எதற்கு, மாதம் ஒருமுறை போதாதா என்று நான்தான் கேட்டேன். மகளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு மாதம் ஒருமுறையும் ஏதாவது காரணத்தால் தள்ளிப்போனது. இடையில் ஒரு நாளாவது, அந்தக் கையால் இந்த டம்ளரைத் தொடு பார்க்கலாம் என்று நான் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். மார்க் இருக்கும்போது கையை எதற்குப் பார்க்கவேண்டும் என்றிருந்துவிட்டேன். மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு மெஷினைத் தொட்டுப் பார்க்காத ஃபிட்டரை மில்லில் நானே எவ்வளவோ திட்டியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நான் உள்ளே நுழையும்போதே போனைத் திறந்து மார்க்கைக் காட்டினேன். தொண்ணூற்று இரண்டு. பிசியோதெரபி அம்மா அதைப் பார்த்துவிட்டு மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை. உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருந்தன. மணிக்கட்டைத் திருப்பும்போது இவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“ஐயா, இந்தக் கை அந்த மார்க்க எடுத்திருக்காது. வீட்ல எப்படிச் செய்றாங்கன்னு கூட இருந்து பாருங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது மெஷின்தான் கோளாறு என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டே வந்தேன். மில் இரைச்சலில் கெட்டுப்போன காது எனக்கு, என் குரல் பஸ் முழுவதும் கேட்டிருக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் கட்டிவிட்டேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, தெருவில் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, பக்கவாட்டு ஜன்னலில் வந்து நின்றேன். கட்டிய மனைவியைத் திருடியைப் போல ஒளிந்து பார்த்தேன்.

அவள் வெல்க்ரோ பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள். வலது கையிலிருந்து கைப்பிடியை உருவி இடது கையில் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையைத் தூக்கினாள். பெட்டியின் நெற்றியில் கைப்பிடி டொக்கென்று இடித்தது. அடுத்து நெஞ்சில். அடுத்து இடது தோள், வலது தோள். தலை குனிந்தபடி அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். அதற்கப்புறம்தான் பந்து பிடிக்கத் தொடங்கினாள்.

உள்ளே போய்க் கத்தினேன். மூன்று மாதமாக ஊரை ஏமாற்றியிருக்கிறாள், மகளை அழவைத்திருக்கிறாள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பெட்டியைக் கழற்றவில்லை. எனக்கு முகம் தெரியவில்லை, வாய் மட்டும்தான் தெரிந்தது.

“உள்ள பாத்தா வலது கைதான்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாக விளக்கினாள். அந்தக் கைப்பிடியை எந்தக் கையில் பிடித்தாலும் பெட்டிக்கு அது வலது கைதான். தோட்டத்துக்குள் அவளுக்கு முன்னால் வலது கைதான் எழுந்து வரும். முதல் வாரத்தில் பட்டை தானாக அவிழ்ந்து, விழப்போன கைப்பிடியை இடது கையால் பிடித்தபோது அதைப் பார்த்தாளாம். மார்க்கைப் பற்றிக் கேட்டேன். பந்து வந்தது, பிடித்தேன், மார்க் போட்டது அதுதான், நான் கேட்கவில்லை என்றாள். அப்புறம்,

“கழட்டுதப்ப ஒவ்வொரு நாளும் அந்தக் கை மறுபடி போயிருதுங்க” என்றாள்.

ஆனாலும் எனக்குக் கோபம் விடவில்லை. தெரிந்தே கையைப் பாழாக்கிவிட்டாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை.

“நீங்க கூட இருந்திருந்தா நான் சொல்லவே வேண்டாம்லா.”

டீக்கடையில் படிக்கலாம் என்று சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பேப்பரை நான் எடுத்து மேஜையில் போட்டேன்.

அந்த வாரமே மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல கையை ஆட்டி, கண்ணுக்கு மட்டும் மற்ற கை ஆடுவதாகக் காட்டுகிற பயிற்சி நிஜமாகவே உண்டாம். கண்ணாடியை நிறுத்தி வைத்துச் செய்வார்களாம். இவள் தானாகவே அதில் பாதியைக் கண்டுபிடித்திருக்கிறாள். மற்றப் பாதி, கூடவே வலது கையும் முயற்சி செய்யவேண்டும், யாராவது அதை நீவி விரித்துக்கொண்டே இருக்கவேண்டும். அது நடக்கவில்லை. கை தேறக்கூடிய நேரத்தில் மூன்று மாதம் போய்விட்டது. தோள் இன்னும் கொஞ்சம் வரும், விரல்கள் பிடிக்கிற அளவுக்கு வருவது கஷ்டம் என்று பிசியோதெரபி அம்மா ஒளிக்காமல் சொன்னாள். இடது கையைப் பழக்கிக்கொள்ளுங்கள் என்றாள். மனைவி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் எழுந்துபோய் வாசலில் நின்றேன்.

வீடு வந்தபோது மணி இரண்டு. காலையில் வடித்த சோறும் ரசமும் இருந்தது. பிசைந்து முதல் வாய் ஊட்டினேன். இரண்டாவது வாயை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் விழுங்கட்டும் என்று காத்திருந்தேன். அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது உருண்டை என் வேட்டியில் கிடந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

“தட்ட இங்கிட்டு வைங்க” என்றாள். “நான் சாப்பிட்டுக்கிடுதேன். நீங்க செத்த நேரம் படுங்க.”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். தட்டை அவள் மடித் தலையணையில் வைத்தேன். அவள் இடது கையைச் சோற்றுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தால் அவளால் முடியாது என்று தெரிந்து, கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். செத்த நேரத்தில் தட்டில் விரல் உரசும் சத்தமும், அவள் மெல்லுகிற சத்தமும் கேட்டன. சோறு சிந்தியது, அதையும் பொறுக்கிச் சாப்பிட்டாள். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வந்தது அதுவல்ல. நாளையிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது, அந்த நிம்மதியில் உடம்பெல்லாம் தளர்ந்து, அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் தூங்கிப்போனேன்.