எனக்காக எய்த வரால்

செவுளுக்கு இரண்டு விரல் பின்னால், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இப்போதும் மீன்கடையில் வராலைப் பார்த்தால் என் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தடவும். கடைக்காரர் நான் மீனைச் சோதிப்பதாக நினைத்து, "இன்னைக்கு வெளுப்பினு, விடியறப்ப பிடிச்சது சேச்சி, ஐஸே தொட்டதில்ல" என்று சத்தியம் செய்வார். ஐஸைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. தடவிவிட்டு மத்தி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் குப்பை எடுக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது எங்கள் லாரியை ஓட்டியவர் வைப்பின் தீவுக்காரர். எங்களுக்கு டிரைவர் சேட்டன். மலையாளிதான், ஆனால் எங்களைப் போன்ற தமிழ்ப் பெண்களோடு இருபது வருஷம் வண்டி ஓட்டியதில் அவர் பேச்சில் பாதி தமிழாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் வில்லும் அம்பும் வைத்து மீன் பிடிப்பார். மூங்கில் வில், இரும்பு முனை வைத்த அம்பு, அம்பின் வாலில் கட்டிய நைலான் கயிறு, அவ்வளவுதான் சாமான். வரால் மூச்சு விட மேலே வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்பார். எங்களிடம் ஐந்து நிமிஷம் நிற்கச் சொன்னால் பத்து பேச்சுப் பேசுவோம். அந்த மனுஷன் எப்படி நின்றாரோ.

பிடிப்பதைவிடப் பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் அவருக்குக் கண்டிப்பு. சனிக்கிழமை வேலை முடிந்து லாரியைக் கழுவும்போது, எங்களில் ஒருவரையோ இருவரையோ கூப்பிட்டு, "நாளைக்கு உனக்கு ஒண்ணு எய்யட்டுமா?" என்று கேட்பார். சரி என்று எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை மீன்தான். எண்ணிக்கை முடிந்ததும் வில்லின் நாணை அவிழ்த்துவிடுவார். அதற்குப் பிறகு காலடியில் வந்து வரால் புரண்டாலும் தொடமாட்டார். சேட்டனிடம் மீனுக்கும் ரேஷன் கார்டுதான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரிக்காமல் சொல்வார்: "தூண்டில்ல மாட்டினத வேண்டான்னா திருப்பி விட்டுடலாம். அம்பு ஏறினத எங்க கொண்டுபோய் விடறது?" இளவயதில் விளையாட்டுக்கு எய்து கரையிலேயே அழுக விட்ட மீன்களின் கணக்கு தன் தலைமேல் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். எப்போதும் பேசுகிற பேச்சு போல இல்லை அது. நாங்களும் கேலியை நிறுத்திக்கொண்டோம்.

என் முறை வந்த அந்தச் சனிக்கிழமை, வீட்டில் என் புருஷன் சபரிமலைக்கு மாலை போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மீன் வாசலைத் தாண்டக்கூடாது. அதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். மண்டலக் காலம் என்றால் கேரளத்தில் யாருக்குத்தான் புரியாது? ஆனால் இரண்டு மாதமாக என் முறைக்குக் காத்திருந்தேன். வேண்டாம் என்றால் மனுஷனுக்கு வருத்தமாகிவிடுமே என்று ஒரு எண்ணம். எப்படியும் பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று இன்னொரு எண்ணம். தலையை ஆட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை பூவரச இலையில் சுற்றி, வாழை நாரால் கட்டி, என் கையில் கொடுத்தார். முழங்கை நீள வரால். வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, பாலக்காட்டில் கல்யாணமாம். கலூரில் சுமை இறக்கப் போன என் புருஷன் வருகிற நேரம். அடுத்த சந்துக்குப் போய் யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கால் வலித்தது, வெயில் அடித்தது, யார் போய் விளக்கம் சொல்வது என்று சலிப்பு வந்தது. காரணம் இவ்வளவுதான். பொட்டலத்தைக் குப்பை வாளியின் அடியில் போட்டு, மேலே சோற்றையும் பழத்தோலையும் கொட்டி மூடினேன்.

ஊரார் வீட்டுக் குப்பை எல்லாம் எங்கே போகிறது என்று தெரிந்த எனக்கு என் வீட்டுக் குப்பை எங்கே போகும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. மறுநாள் எங்கள் லாரிக்கு என் சந்தின் முறை; எங்களில் ஒருத்தி லீவு. கை குறைந்ததால் சேட்டனே இறங்கி வந்து வாளிகளைத் தூக்கிக் கொட்டினார். என் வாளியைக் கவிழ்த்தபோது நார் அறுந்து இலை பிரிந்தது. துளையோடு மீன் மேலே வந்து கிடந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. மீனைக் கையால் எடுத்தார். தெருக்குழாயில் கழுவினார். பேப்பரில் சுற்றித் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைய சுற்று முழுவதும் வண்டி ஓட்டினார். நாற்றம் என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். மத்தியானம் ஷெட்டுக்குத் திரும்பியதும் தென்னையடியில் மண்வெட்டியால் குழி தோண்டி அதைப் புதைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிராமலே சொன்னார்: "வேண்டான்னு ஒரு வாக்கு சொன்னா மதியாயிருந்ததே, அது போதுமே பெண்ணே. மீன் அங்க வாய்க்கால்ல உயிரோட கிடந்திருக்கும்."

அந்தச் சனிக்கிழமை அவர் யாரையும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. இந்த ஞாயிறு யாருக்கு என்று மற்றவர்கள் நச்சரித்தபோது, தோளைப் பிடித்துக்கொண்டு வலி என்றார். ஆளாளுக்கு எண்ணெய் சொன்னார்கள். இல்லாத வலிக்கு நானும் ஒரு குப்பி தைலம் வாங்கிக் கொடுத்தேன். "ஆகட்டும்" என்று வாங்கிக்கொண்டார். அதைவிட அவர் என்னை நாலு பேர் முன்னால் ஏசியிருக்கலாம். ஓய்வு பெறும்வரை அந்தத் தோள்வலியை அவர் விடவேயில்லை; என் பெயரையும் யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். படகேறி வைப்பினுக்குப் போனோம். அடக்கம் முடிந்து மற்றவர்கள் முற்றத்தில் நிற்க, அவர் மனைவி என்னை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். கஞ்சியும் பயறும் விளம்பினாள். அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள்:

"நீ கூடவே வேலை செய்தவ. வில்லை ஏன் விட்டாருன்னு அறியுமா? தோள்ல ஒரு வலியும் இருந்ததில்ல. ஞாயிறானா வெறுங்கையோட வாய்க்கால்ல போய் நிப்பாரு. கேட்டா, எய்து கொடுக்க ஆளில்லேன்னு மட்டும் சொல்லுவாரு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது சேச்சி" என்றேன். அவள் இன்னும் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லாமல் முழுவதையும் குடித்துவிட்டு வந்தேன்.