ஆடியில் பிடித்த மண்டபம்

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கு அன்று காலை, மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பங்குக் கோவிலில் எல்லோரும் இருந்தார்கள். பங்குத்தந்தை பூசை உடுப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாடகர் குழு மூன்றாவது பாட்டைத் தொடங்கியிருந்தது. எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள் முன்வரிசைகளை நிரப்பியிருந்தன. மணப்பெண்ணும் அவளுடைய அம்மாவும் பீடத்தை ஒட்டிய அறையில் தயாராக இருந்தார்கள். தெருமுனை மண்டபத்தில் சமையல்காரர் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, அப்பளம் எப்போது பொரிக்கலாம் என்று ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வராதவர்கள் மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும்தான்.

அன்பியம் என்றால், ஒரே பகுதியில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு. வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். ஜெபமாலை, பைபிள் வாசிப்பு எல்லாம் முடிந்ததும் டீ வரும். டீயோடு, யாருக்கு என்ன உதவி செய்யலாம் என்ற பேச்சும் வரும். பெரும்பாலும் டம்ளர்களைக் கழுவ எடுத்துப் போகும்போது பேச்சும் முடிந்துவிடும். அந்த முறை அப்படி முடியவில்லை. எங்கள் கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். வீடு உப்பிலியபுரத்துப் பக்கம். இரண்டு வீட்டிலும் கையில் எதுவும் இல்லை. கல்யாணச் செலவு முழுவதையும் அன்பியமே ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தோம்.

நான்தான் செயலாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடிதம் எழுதுவது, போன் பேசுவது, மண்டபம் பிடிப்பது எல்லாம் அதனால் என் தலையில் விழும். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஆடி மாதம் என்பதால் மண்டப வாடகையைப் பாதியாகக் குறைத்துத் தந்தார்கள். அதைக் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். பொருளாளர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், என் முதுகில் தட்டி, "நமக்கென்னப்பா ஆடி, ஆவணி? எல்லாம் ஆண்டவர் உண்டாக்குன நாள்தானே!" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் ஊருக்கு நானே போய்த் தேதியைச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தார்கள். அதாவது, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று எல்லோர் முன்பும் அறிவித்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது.

அந்த ஊர்தான் இப்போது கோவிலுக்குள் உட்கார்ந்து வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு நான் அடித்த போன் எதையும் அவர் எடுக்கவில்லை. வாசலுக்குப் போனேன், தெருமுனைக்குப் போனேன், மண்டபத்துக்குப் போய் அப்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். உட்காரவே முடியவில்லை.

"பெருக்கு அன்னைக்கு ஸ்ரீரங்கம் வழியா எவனாச்சும் வருவானா? பைபாஸ்ல வரச் சொல்லியிருக்கணும்" என்றார் பொருளாளர்.

"சொன்னேன் சார்."

"அழுத்திச் சொல்லியிருக்கணும்ப்பா."

பின்வரிசையில் யாரோ, "பையனுக்கு இஷ்டம் இல்லையோ என்னமோ" என்று மெல்லச் சொன்னது எனக்கே கேட்டது. பெண்ணின் அம்மாவுக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் அறையிலிருந்து வெளியே வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஓலை வாசிச்சு, பட்டு கட்டி, இத்தன பேரு முன்னாடி உக்கார வெச்சாச்சு. இனி எம்பொண்ணு தாலி இல்லாம இந்தப் படிய விட்டு இறங்கினா, அப்புறம் அவள யாரு தம்பி வந்து கேப்பா?" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சற்றுத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒருவழியாக மாப்பிள்ளையே கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

"அண்ணே, ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபத்துப் படித்துறையில நிக்கிறோம். ஆத்துல கால் நனைச்சுட்டு வரேன்னு அம்மா வேன விட்டு இறங்குனாங்க. இப்ப வர மாட்டேன்னு உக்காந்துட்டாங்க."

"ஏன், என்னாச்சு?"

"ஆடியில கல்யாணம் வேணாங்கிறாங்கண்ணே."

போனைக் காதிலிருந்து எடுத்தபோது மணப்பெண் அறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் சூடியிருந்த வெள்ளை வலை முக்காட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். "அண்ணே, என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"கல்யாணப் பொண்ணு பைக்ல ஏறிப் போறதா? ஊரு சிரிக்கும்மா!" என்று பொருளாளர் பதறினார்.

"இங்க உக்காந்திருந்தா மட்டும் சிரிக்காதா தாத்தா?"

அன்பியத்தின் தலைவி அக்கா, "போயிட்டு வரட்டும், விடுங்க சார்" என்றார். பங்குத்தந்தை என் பக்கம் திரும்பி, "நான் எங்கயும் போகல. நீ பாத்து ஓட்டு" என்றார்.

காவிரிப் பாலத்தை எட்டும்வரை எந்தச் சிக்னலில் நின்றேன், எந்தச் சிக்னலில் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியாது. பாலத்து முனையில் தடுப்பு வைத்திருந்தார்கள். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு நடக்கச் சொன்ன போலீஸ்காரர், பட்டுப் புடவையையும் பூவையும் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"புதுப்பொண்ணா? தலைப்பெருக்கா? போங்க, போங்க. மாப்பிள்ளை, பொண்ண வெச்சுக்கிட்டு இவ்வளவு வேகம் ஆகாதுய்யா!"

நான் மாப்பிள்ளை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "பேசாம ஓட்டுங்கண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அன்று அவள் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

அம்மா மண்டபத்துச் சாலையில் பைக்கும் நகரவில்லை. நடந்தோம். கூட்டம் தானாகவே அவளுக்கு வழிவிட்டது. "புதுப்பொண்ணு வருது, ஒதுங்குங்க" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அன்று புதிதாக மணமானவர்கள் சோடியாக ஆற்றுக்கு வந்து பூசை போட்டு, தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். தட்டில் காப்பரிசியும் மஞ்சள் சரடும் வைத்திருந்த ஒரு அம்மா இவள் கையைப் பிடித்து நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சரடைக் கட்டிவிட்டு, "மாப்பிள்ளை எங்க கண்ணு?" என்று கேட்டார். இவள், "அங்கதாம்மா இருக்காரு" என்று ஆற்றின் பக்கம் கையைக் காட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா கடைசிப் படியில், தண்ணீரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி. இவ இறங்குன வண்டியில இவள நான் திரும்ப ஏத்துனதா சரித்திரமே இல்ல" என்றார்.

என் குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும். "அம்மா, நான்தான் அன்னைக்கே வீட்டுக்கு வந்து கேட்டேனே? நீங்க சரின்னுதானே சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கேக்கல தம்பி. சொன்னீங்க."

நான் ஒரு படி இறங்கிப் பக்கத்தில் போனேன். அவர் விடவில்லை.

"மண்டபம் புடிச்சாச்சு, ஃபாதர் சரின்னுட்டாரு, இந்தத் தேதின்னு சொன்னீங்க. சொந்தக் காசு போட்டுச் செய்றவங்ககிட்ட நாங்க என்னத்த சொல்றது? நான் கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் வாங்குனவ. என் பிறந்த வீடு முசிறிப் பக்கம். எங்கண்ணன் இன்னும் பழைய முறைதான். ஆடியில தாலி கட்டுற கல்யாணத்துக்கு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டாரு. வளத்ததே அவருதான் இவன. தாய்மாமன் இல்லாம எப்படித் தம்பி? போயிடலாம்னுதான் கிளம்புனேன். இங்க வந்து பாத்தா, ஒவ்வொருத்தியும் அண்ணன் தம்பியோட, மருமகளோட நிக்கிறா. எனக்குக் கால் வரல."

எனக்குச் சட்டென்று வேறு ஒன்று ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் யாரோ நல்ல மனிதர்கள் சீருடை வாங்கித் தந்தார்கள். அது என் அளவுக்கு மிகப் பெரியது. என் அம்மா அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடுப்பில் கயிறு கட்டி அனுப்பினார். வாங்கிக்கொள்கிறவர்களின் வாய் எப்படி மூடிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், உப்பிலியபுரத்துக்கு நான் போனபோது அது என் மண்டையில் உறைக்கவில்லை.

மணப்பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் ஈரப்படியிலேயே உட்கார்ந்தாள். "அத்த, ஆவணியில வெச்சுக்கலாம். மாமா வரட்டும்."

"சோறெல்லாம் ஆக்கி வெச்சிருக்காங்களேம்மா."

"சாப்பிட ஆளா இல்ல? எல்லாரும் பசியோடதான் உக்காந்திருக்காங்க."

மாப்பிள்ளை குறுக்கே பேசினார். "அம்மா, இவ இப்ப வெறுங்கழுத்தோட கோவிலுக்குத் திரும்பிப் போனா, நான் வேணாம்னு சொல்லிட்டதா ஆயிடும். காலம் பூரா அதுதான் பேச்சு."

அந்த அம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது; நான் அங்கே நிற்க முடியாமல் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கோவிலில் கலைந்துவிட்டார்களோ என்று ஒரு நினைப்பு. பெண்ணின் அம்மா என் சட்டையைப் பிடித்த பிடி இன்னும் கையில் இருப்பதுபோல ஒரு நினைப்பு. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, புடவைத் தலைப்பால் மருமகளின் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, "அங்க மைக்கு இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இருக்கும்மா."

"அப்ப வாங்க, போவோம்."

பைபாஸ் வழியாகப் போனோம். கோவிலில் ஒருவரும் கலையவில்லை. பாடகர் குழுவுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கிறிஸ்துமஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பங்குத்தந்தையிடம் நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "ஓலை வாசிச்சது ஆவணி வரைக்கும் தாங்கும்மா. பேசுங்க" என்று மைக்கின் உயரத்தை இறக்கிக் கொடுத்தார்.

அந்த அம்மா மருமகளின் கையை விடவே இல்லை. "எனக்கு மைக்குல பேசத் தெரியாது. இது எங்க வீட்டுப் புள்ள. இன்னைக்கு நாளுதான் எங்களுக்கு ஒத்து வரல. புள்ளையப் பத்தி ஒரு சொல்லு யாரும் சொல்லிடாதீங்க. ஆவணியில எங்கண்ணன் முன்னால நிப்பாரு, எம் பையன் இவ கழுத்துல தாலி கட்டுவான். எல்லாரும் வரணும். இப்ப சாப்பிட வாங்க" என்றார்.

தூண் ஓரத்தில் நின்ற பெண்ணின் அம்மா ஓவென்று அழுதார். அந்த அழுகையோடுதான் எல்லோரும் எழுந்தார்கள். மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா சமையல்காரரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, எங்கள் அத்தனை பேருக்கும் தானே சாம்பார் ஊற்றினார். சாம்பார் ஆறிப்போயிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அன்று மாலை அன்பியம் கூடியது. "முதல்லயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அவங்க?" என்று பொருளாளர்தான் ஆரம்பித்தார். "யாரு சார் அவங்களக் கேட்டது?" என்றார் தலைவி அக்கா. பங்கு மக்களிடம் கை நீட்ட எங்களுக்கு முகம் இல்லாததால், ஆவணிக் கல்யாணச் செலவையும் அன்பியத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டோம். ஒருவர் சீட்டுப் பணத்தை எடுத்தார். நான் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். பொருளாளர் எவ்வளவு போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

இரண்டாம் முறை, நானும் தலைவி அக்காவும் உப்பிலியபுரத்துக்குப் போனோம். என்ன தேதி, எந்த இடம், என்ன சாப்பாடு, யார் யாருக்கு வண்டி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். மண்டபம் வேண்டாம், கோவில் முற்றத்தில் பந்தல் போதும் என்றார் அந்த அம்மா. அதற்குமேல், அண்ணன் வீட்டாருக்கு முன்வரிசையில் இடம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஆவணியில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் கல்யாணம் நடந்தது. முசிறியிலிருந்து தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்; எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பக்கத்தில் இருந்த பொருளாளரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

இப்போதும் யாராவது யாருக்காவது உதவலாம் என்று பேச்செடுத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. முதலில் போய் அவர்களிடம் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று கால் பரபரக்கிறது. பந்தல், இரண்டாவது சாப்பாடு, முசிறிக்கும் உப்பிலியபுரத்துக்கும் அனுப்பிய வேன்கள் எல்லாம் சேர்த்து, ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு எங்களுக்கு ஆன செலவு நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.