ஹாதர்லி வம்சத்தில் ஒரு வட்டம்

யாராவது தன் அத்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கிரிஜாவின் கை பென்சிலைத் தேடும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. ரொட்டி சுற்றிவந்த காகிதத்தில்கூட யாருடைய வம்சமாவது கிளை விட்டிருக்கும்.

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பார்லிப் பயிரில் ஆராய்ச்சி. ஒரு கதிரின் மகரந்தத்தை இன்னொன்றில் தூவி, சின்னக் காகிதப் பை மாட்டி, தாய்ச் செடி எது, தகப்பன் செடி எது என்று சீட்டுக் கட்டுவாள். வேலை மும்முரத்தில் சாப்பாடு மறந்துபோகும். வழியெல்லாம் தனக்குத்தானே தமிழில் பேசிக்கொண்டே நடப்பாள்.

அண்ணன் ரகுநாதன் எசன் நகர இரும்பாலையில் ஃபிட்டர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். சனிக்கிழமை ரயிலேறி வந்து அவள் அறையில் ரசம் வைப்பார். தங்கை சொல்வதில் பாதி புரியாது. ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்.

அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஹென்னிங் அம்மாள், கணவரை இழந்த ஜெர்மன்காரர். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பக்கம் நிலபுலனோடு வாழும் ஹாதர்லி குடும்பத்துப் பெண்தான் தங்கள் வம்சத்தின் மூதாய் என்று அவரைத் தாயார் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். ஹாதர்லிகள் அச்சிட்டு வைத்திருந்த வம்சாவளியிலோ, சார்லட் என்ற அந்த மகளுக்கு நேரே 'மணமாகாமல் இறந்தாள்' என்றிருந்தது. எழுதிக் கேட்டதற்கு, ஆதாரம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. "சீமாட்டிக்கு இன்னைக்கு வெள்ளை ரொட்டியா, கறுப்பு ரொட்டியா?" என்று ரொட்டிக் கடைக்காரி கேட்டாள். வரிசையே சிரித்தது. அதன்பின் ஹென்னிங் அம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எங்கம்மா பொய் சொல்லிட்டாங்களோன்னு எனக்கே தோணுது, அதைத்தான் தாங்க முடியல" என்றார் கிரிஜாவிடம்.

அன்றே கிரிஜா அந்தக் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அவங்க சார்ட்ல பாதி ஃபேமிலியே இல்லைண்ணா. பொண்ணுங்க பேரோட கோட்டை நிறுத்திட்டு, அவங்க பிள்ளைங்களை விட்டுட்டாங்க. செடியில நான் இப்படிப் பண்ணினா ப்ரொபசர் என்னை வெளியே தள்ளிடுவார்."

ஹென்னிங் அம்மாளின் முன்னோர் வாழ்ந்த ஹானோவர் பக்கத்துக் கிராமத் தேவாலயங்களில் பழைய பதிவுகளைப் புரட்டினாள். சார்லட்டின் கல்யாணப் பதிவு எங்கும் அகப்படவில்லை. குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் வெறும் சார்லட். பிறந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோடை முழுக்க அப்படியே போயிற்று.

ஒரு சனிக்கிழமை, ரசம் நுரை கட்டும் நேரம்.

"அண்ணா, நம்ம கனகவல்லி அக்கா பொண்ணுக்குக் காது குத்தினப்போ யார் மடியில உட்கார வச்சோம்?"

"இதென்ன கேள்வி? தாய்மாமன் நான் இருக்கேன், வேற எவன் மடியில உட்கார வைப்பாங்க? வேட்டியையே நனைச்சுட்டா கழுதை."

"அப்போ சார்லட் குழந்தைக்கும் மாமன் வந்திருப்பான்தானே? தாய், தகப்பன் பேரை மட்டும் பாத்துட்டு வந்துட்டேனே! ஞானஸ்நானத்துல குழந்தைக்குப் பொறுப்பேத்துக்கிற ஞானத்தந்தை யாருன்னு பாக்கவே இல்லை. மக்கு, மக்கு!"

"திட்டிக்கிட்டே சாப்பிடு. கோயில் எங்கேயும் ஓடிப்போயிடாது."

திங்கட்கிழமை முதல் பேருந்தில் போனாள். தலைப்பிள்ளையின் ஞானத்தந்தை என்ற இடத்தில் பாதிரியார் தெளிவாக எழுதியிருந்தார்: 'எட்மண்ட் ஹாதர்லி, ஆங்கிலக் குதிரைப்படை அதிகாரி, குழந்தையின் தாயுடைய சகோதரர்.' ஹாதர்லிகள் அச்சிட்ட வம்சாவளியிலேயே சார்லட்டின் சகோதரன் எட்மண்டின் பெயருக்குப் பக்கத்தில் 'ஹானோவரில் படைப்பணி' என்றிருந்தது. இனி அவர்கள் மறுக்க வழியில்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினாள்.

பதிலுக்குக் கடிதம் வரவில்லை. குடும்பத்தின் மூத்தவரே கிளம்பி வருவதாகத் தந்தி வந்தது. ஹென்னிங் அம்மாள் தந்தியை எடுத்துக்கொண்டு தாமே ரொட்டிக் கடைக்குப் போனார். "வெள்ளை ரொட்டி. எங்க வீட்டுக்கு இங்கிலாந்திலேருந்து சொந்தக்காரர் வர்றார்" என்றார். கடைக்காரி கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டாள்.

ரயிலடிக்குக் கிரிஜாவோடும் ஹென்னிங் அம்மாளோடும் ரகுநாதன் கோட்டு மாட்டிக்கொண்டு போனார். நரைத்த மீசையோடு இறங்கிய ஆங்கிலேயர், சேலை கட்டியவள்தான் கிரிஜா என்று கண்டுகொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு நேரே அவளிடம் கை நீட்டினார்.

"கை குடுடி, மரம் மாதிரி நிக்கிறே" என்றார் ரகுநாதன்.

கிரிஜா அந்தக் கையைப் பற்றினாள். குலுக்கவில்லை. விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பின்னால் ஒதுங்கி நின்ற ஹென்னிங் அம்மாளின் கையில் வைத்தாள்.