‘வரேன்’னு சொன்னாரு

எங்க வீட்டுக்காரரு வேலைக்குக் கிளம்புறப்ப ஒருநாளும் "போறேன்"னு சொன்னது கிடையாது. நம்ம ஆளுங்கள்ல யாருதான் சொல்லுவா? வாசல் தாண்டுற மனுஷன் "வரேன்"னுதான் சொல்லணும். அந்த ஒரு வார்த்தை அவர ஜெயிலுக்கு அனுப்புச்சுன்னா நம்புவீங்களா?

அப்ப தேக்காவுல ஒரு கடைவீட்டு மாடியில இருந்தோம். அவருக்கு செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை, காலையில லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போகும். பின்கட்டுல ஒரு ஒண்டிக்கட்டை குடியிருந்தான். குழாயைப் புடிச்சான்னா லேசுல விடமாட்டான். அன்னிக்குக் காலையில இவருக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. வெறும் குழாயடிச் சண்டை. அது முடிஞ்சதும் கீழ இட்லி வித்துக்கிட்டிருந்த அக்காகிட்ட, தினமும் சொல்றாப்புல "வரேன்"னு சொல்லிட்டு லாரி ஏறிட்டாரு.

சாயங்காலம் அந்த ஆளு பின்சந்துல மண்டை உடைஞ்சு கிடந்தான். ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காமலே செத்துட்டான். எங்க வீட்டுக்காரரு அன்னிக்குன்னு பாத்து லாரியிலேருந்து முன்னாடியே இறங்கி, பிள்ளைத்தாச்சியா இருந்த எனக்கு மாங்கா தேடி அலைஞ்சிருக்காரு. வழியில பாத்தேன்னு சொல்ல ஒரு நாதி இல்ல. அவரப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

அக்காவ விசாரிக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. நானும் கூடப் போயி வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். தமிழ மாத்திச் சொல்ற ஆளு அன்னிக்கு வேற கேஸுக்குப் போயிட்டாராம். சார்ஜன் மலாய்க்காரரு. அக்காவுக்குத்தான் பஜார் மலாய் தண்ணி பட்ட பாடாச்சே, "நானே சொல்றேன் லா"ன்னு ஆரம்பிச்சுட்டா. எங்களுக்கு நல்லது செய்யணும்னுதான் அந்த அவசரம்.

சண்டை முடிஞ்சதும் என்ன சொன்னாருன்னு சார்ஜன் கேட்டாரு. "சாயா டத்தாங்"னாளாம். "வரேன்"ங்கிறத அப்படியே தூக்கி மலாய்ல வச்சுட்டா மகராசி! மலாய்க்காரங்க கிளம்பும்போது அப்படிச் சொல்றதில்ல. சார்ஜன் காதுக்கு அது "திரும்பி வருவேன், இருடா". யாருகிட்ட சொன்னாருன்னு அவரும் கேக்கல, இவளும் சொல்லல. இங்கிலீஷ்ல எழுதி, மலாய்ல படிச்சுக் காட்டினாரு. சரின்னு கைநாட்டு வச்சுட்டா. பொய்யின்னு அதுல ஒரு எழுத்து கிடையாது. அதான் என் வயித்தெரிச்சல்.

கோர்ட்டுல நல்ல தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தாரு. அக்கா மாரடிச்சுக்காத குறையாச் சொன்னா: "ஐயா, அத என்கிட்டதான் சொன்னாரு. போறேன்னு சொன்னா அபசகுனம்யா!" அரசாங்க வக்கீல் காகிதத்தத் தூக்கிக் காட்டினாரு. இது உன் கைநாட்டா? ஆமா. அன்னிக்கு இப்படித்தானே சொன்ன? ஆமா. உன்கிட்ட சொன்னதா இதுல இருக்கா? இல்ல. பக்கத்து வீட்டுக்காரனக் காப்பாத்த இப்ப கதை கட்டுறான்னுட்டாரு. அட பாவி மனுஷா, அவரு அத எப்படிச் சொன்னாரு, சிரிச்சுக்கிட்டே சொன்னாரான்னு அந்தக் காகிதத்துக்கு என்ன தெரியும்? தினம் காதால கேட்டவ நான் இருக்கேன். பெஞ்சாதி சொல்லு அம்பலம் ஏறுமா? ஏழு வருஷம் போட்டாங்க.

அக்கா மேல கோவப்பட்டுப் பாத்தேன். அவ அழுத அழுகையில அதுவும் நிலைக்கல. மகள் பொறந்தா. பிரசவத்துக்கு அவதான் துணை நின்னா. அப்புறம் குவீன்ஸ்டவுன்ல ஒரு வீட்டுல வேலைக்குச் சேந்து, அங்கேயே பக்கத்துல ஒரு அறை புடிச்சுக்கிட்டேன். ஜெயிலுக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு அவரு கண்டிஷனாச் சொல்லிட்டாரு. அந்தக் கோலத்துல மக தன்னப் பாக்கக் கூடாதாம்.

ஒழுங்கா நடந்துக்கிட்டாருன்னு கொஞ்சம் முன்னாடியே விட்டாங்க. தலை பாதி நரைச்சு வந்தாரு. மீன் குழம்பு வச்சேன். தரையில உக்காந்து, தலையைத் தூக்காம சாப்பிட்டாரு. மக தூணாட்டம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. இவருதான் அப்பான்னு சொல்லிக் குடுத்துத்தான் வச்சிருந்தேன்.

தட்டைக் கழுவ எடுத்தப்ப எம் புடவையப் புடிச்சு இழுத்து, அவருக்குக் கேக்குறாப்புலயே கேட்டா: "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாரு?"

அவரு எழுந்து, கொடியில கிடந்த சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டாரு. வாசல் தாண்டுறப்ப "வரேன்"னு சொல்லல.